பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே சீட்டு

எங்கள் பாட்டி மளிகைச் சீட்டு எழுதினால், ‘கடலை’ என்ற சொல்லில் உள்ள ‘லை’க்கு யானைத் துதிக்கை போன்ற கொம்பு போடுவார். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பழைய எழுத்து மட்டும் அறிந்தவரும் புதிய எழுத்து மட்டும் அறிந்தவரும் தடுமாறாமல் படிக்க ஓர் அறிவிப்பு எழுத வேண்டுமானால் வழி என்ன? மாறிய எழுத்துகள் வராத சொற்களாகத் தேர்ந்து எழுதுவதுதான்.

கணிப்பொறி உலகிலும் இதே சங்கடம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நாம் கற்கும் பைதான் மொழியை நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்டார். 2008 டிசம்பரில் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, இரண்டாம் பதிப்போடு ஒத்துப்போகவில்லை. மாற்றத்திற்கு முக்கியக் காரணம் எழுத்துகளைக் கையாளும் முறையே. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், யூடிஎஃப்-8 முறையில் பழைய பதிப்பு 15 என்னும். அது பைட்டுகளை எண்ணுகிறது. புதியது 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. நாமோ மூன்றெழுத்து என்போம்! அவ்வாறு மூன்றாகவே பிரித்துத் தரும் நிரல்தொகுப்பு ‘ஓப்பன் தமிழ்’. முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய இது, இரு பதிப்புகளிலும் இயங்குமாறு பேணப்பட்டது.

இத்தகைய தொகுப்பை நம் கணிப்பொறியில் அமர்த்தும் நிரலின் பெயர் ‘செட்டப்.பை’. அது எந்த வீட்டில், எந்தப் பதிப்பில் ஓடப்போகிறது என்பதை எழுதுபவர் அறியார். அது நின்றுவிட்டால் உள்ளே எத்தனை நல்ல பொருள் இருந்தும் பயனில்லை. பூட்டிய வாசலோடு விருந்தாளி திரும்பிவிடுவார்.

‘பழைய பதிப்பானால் இப்படி, புதியதானால் அப்படி என்று நிபந்தனை போட்டால் போதாதா?’ என்று தோழியர் கேட்கலாம். போதாது. பைதான் ஒரு கோப்பை இயக்குமுன், முழுவதையும் படித்து இலக்கணம் பார்க்கிறது. அடைப்புக்குறியில்லாத ‘பிரிண்ட்’ கட்டளை எங்கோ ஒரு மூலையில் இருந்தாலும், மூன்றாம் பதிப்பு முதல் அடி வைக்குமுன்னே பிழை என்று நின்றுவிடும்.

ஆகவே மூன்று விதிகளைக் கடைப்பிடிக்கின்றனர். முதலாவது, இரண்டிற்கும் பொதுவான இலக்கணத்திலேயே எழுதுதல்: அச்சிடும் ஒற்றைச் சொற்றொடரை அடைப்புக்குறிக்குள் இட்டால் இரண்டும் ஏற்கும். இரண்டாவது, பெயர் மாறிய கருவியை முதலில் புதுப்பெயரில் தேடி, கிடைக்காவிட்டால் பழைய பெயரில் தேடுதல். இந்த வேலைக்கென்றே ‘சிக்ஸ்’ என்ற துணைத்தொகுப்பு உண்டு. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு அல்லவா! மூன்றாவது, தமிழ் விளக்கக் கோப்பைத் திறக்கும்போது, இரு பதிப்பிலும் உள்ள ‘ஐஓ.ஓப்பன்’ கொண்டு யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுதல். சொல்லாவிட்டால், ஆங்கில அமைப்புள்ள விண்டோஸ் கணிப்பொறிகள் பலவற்றில் மெய்யெழுத்தின் புள்ளியே நிறுவலை முறித்துவிடும். அப்புள்ளியின் மூன்றாம் பைட்டுக்கு அங்குள்ள பழைய குறியீட்டு அட்டவணையில் இடமில்லை.

பைதான் இரண்டிற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவுற்றது. இனிமேல் ‘இந்தப் பதிப்பு முதல்தான் இயங்கும்’ என்று நிரலிலேயே குறித்துவிடலாம். ‘பிப்’ என்னும் நிறுவும் கருவி அதைப் பார்த்து, பழைய கணிப்பொறிக்கு ஏற்ற முந்தைய வெளியீடு இருப்பின் அதையே தேடித் தரும்.

அப்படியானால் இடையில் உழைத்த பதினோரு ஆண்டுகள் வீணா? இல்லை. புதுக் கணிப்பொறி வாங்க வசதியில்லாத பள்ளியும் சிறுமியும் அக்காலம் முழுவதும் வாசலில் நிறுத்தப்படவில்லை. பாட்டியின் சீட்டை இன்றும் நான்தான் கடைக்கு எடுத்துச் செல்கிறேன். துதிக்கை ‘லை’யைக் கடைக்காரப் பையனுக்குப் படித்துக் காட்டுவதும் நானே.