மழை பொய்த்தலும் பயிர் இன்ஷியூரன்ஸும்

தீப்பிடித்தால் ஒரு வீடு எரியும். மழை பொய்த்தாலோ ஒரு தாலுகா முழுவதும் ஒருசேர வாடும். பயிர் இன்ஷியூரன்ஸின் பிரதான கஷ்டம் இதுவேயாகும். பலர் செலுத்தும் பிரீமியத்தைக் கொண்டு நஷ்டமடைந்த சிலருக்கு ஈடு செய்வதென்னும் விதி, எல்லோரும் ஒரே வருஷத்தில் நஷ்டமடையுங்கால் பலிப்பதில்லை.

மைசூரைச் சேர்ந்த ஜே. எஸ். சக்ரவர்த்தி என்பார் 1920-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் ஓர் உபாயம் கூறினார். வயல்தோறும் சென்று நஷ்டத்தை மதிப்பிடுதல் அசாத்தியம். ஆகவே மழைமானிக் கணக்கையே ஆதாரமாகக் கொண்டு, மழை குறித்த அளவிற்குக் குறைந்தால் அப்பிரதேசத்தில் இன்ஷியூர் செய்தோர் அனைவருக்கும் ஈடு வழங்கலாம் என்றார். சோம்பேறிக்குத் தனிச் சலுகை இதில் இல்லை. ஆனால் மானியருகே பெய்த மழை இரண்டு மைலுக்கு அப்பால் பெய்யாதொழியலாம். அங்குள்ள குடியானவனுக்கு ஒன்றும் கிட்டாது.

2016-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அப்பிரதேசத்தின் விளைச்சலையே அளவுகோலாகக் கொண்டது. கடந்த ஏழு வருஷங்களில் சிறந்த ஐந்தின் சராசரியில் 70, 80 அல்லது 90 சதவிகிதம் உத்தரவாத விளைச்சலாகும். அது ஏக்கருக்கு 800 கிலோ என்றும், அறுவடைச் சோதனையில் கண்டது 600 கிலோ என்றும் கொள்வோம். குறைவு கால் பங்கு. 30,000 ரூபாய்க்கு இன்ஷியூர் செய்தவருக்கு 7,500 ரூபாய் சேரும். காரிப் பருவத்து நெல்லுக்கு அவர் செலுத்துவது நூற்றுக்கு 2 வீதம் 600 ரூபாய்; பிரீமியத்தின் மிகுதியை மத்திய, மாநில சர்க்கார்கள் ஏற்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஏழில் இரண்டு கெட்ட வருஷங்களைக் கணக்கினின்று தள்ளிவிடலாம். பருவநிலை மாறுதலால் மூன்று நான்கு வருஷங்கள் கெடுமாயின் சராசரியே தாழ்ந்து, உத்தரவாதமும் உடன் தாழ்ந்துவிடும். பாதுகாப்பு மிகவும் வேண்டிய குடியானவனுக்கே அது சுருங்குகிறது! பிரீமியத்தைக் கணிக்கும் நிபுணர்களுக்கும் பழைய மழைக்கணக்கு முன்போல் வழிகாட்டுவதில்லை. அண்மை வருஷங்களுக்கு அதிக மதிப்பளித்தும், பெரும் வறட்சியின் பாரத்தை மறு இன்ஷியூரன்ஸ் வாயிலாகப் பிறதேசக் கம்பெனிகளோடு பகிர்ந்தும் அவர்கள் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பிரீமியத்தை ஒரேயடியாக உயர்த்துவது எளிய வழியே. ஆனால் அப்பாரம் சர்க்கார் பொக்கிஷத்தின் மீதே விழும்.

கல்மழையால் ஒருவருடைய வயல் மட்டும் அழியுமாயின், அதைத் தனியே மதிப்பிட இத்திட்டத்தில் இடமுண்டு. அதற்கு 72 மணி நேரத்திற்குள் தகவல் கொடுத்தல் அவசியம்.