நீங்கள் வி.ஐ.பி. ஆனது யார் பணத்தில்?

"டாக்டர், மூணு மாசமா தூக்கமே இல்லை. நல்ல லேகியமா ஒண்ணு கொடுங்க" என்றபடி வந்து உட்கார்ந்தார் அவர். வயது நாற்பத்திரண்டு. தனியார் கம்பெனியில் அக்கவுன்டன்ட். கண்கள் சிவந்து, முகம் வெளுத்திருந்தது. நாடி பார்க்கும்போது அவர் மனைவிதான் பேசினார்: "ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட போன் வெளிச்சம் தெரியுது டாக்டர். கேட்டா எரிஞ்சு விழறார்."

மெல்லப் பேச்சுக் கொடுத்ததும் விஷயம் வெளியே வந்தது. வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் ஓர் ஆன்லைன் கேசினோ! "நான் அதுல கோல்டு மெம்பர் டாக்டர். எனக்குன்னு தனி மேனேஜர். என் பிறந்தநாளுக்கு முதல் வாழ்த்தே அவர்கிட்டேயிருந்துதான் வந்தது" என்றபோது, அந்தச் சிவந்த கண்களிலும் ஒரு பெருமை!

கொடுப்பது என்ன, எடுப்பது என்ன?

இந்த வி.ஐ.பி. திட்டங்களில் சலுகையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோற்ற பணத்தில் கொஞ்சம் திரும்ப வரும். ஜெயித்த பணம் சீக்கிரம் கைக்கு வரும். போனஸ், பரிசுப் பொருள் எல்லாம் உண்டு. ஆனால் அந்தஸ்து எதை வைத்துக் கிடைக்கிறது? பெரும்பாலும், நீங்கள் மொத்தம் எவ்வளவு பந்தயம் வைத்தீர்கள் என்பதை வைத்துத்தான். ஆட்டத்தைக் குறைத்தால் பல திட்டங்களில் படியும் இறங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். சிவப்பு 18, கறுப்பு 18, பூஜ்யம் 1. சிவப்போ கறுப்போ, எதில் வைத்தாலும் பூஜ்யம் விழுந்தால் பணம் கேசினோவுக்கு. இதனால் பந்தயம் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவர்கள் பக்கம் போகும். மொத்தப் பந்தயம் ஒரு லட்சம் என்றால் 2,700 ரூபாய். கையில் பத்தாயிரம் இருந்தாலே, ஜெயித்ததையும் திரும்பத் திரும்ப வைத்து, ஒரே ராத்திரியில் ஒரு லட்சத்தைத் தொட்டுவிடலாம். இதற்கு வி.ஐ.பி. சலுகையாக 500 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2,700 கொடுத்து 500 வாங்குகிறோம்!

போனஸும் இப்படித்தான். "ஆயிரம் ரூபாய் இலவசம், முப்பது மடங்கு ஆடினால் எடுத்துக்கொள்ளலாம்" என்பார்கள். அதாவது 30,000 ரூபாய்க்குப் பந்தயம் வைக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அதற்கே சுமார் 810 ரூபாய் போய்விடும். பல ஆட்டங்களில் கேசினோவின் பங்கு இதைவிடவும் அதிகம்.

அன்பான மேனேஜர்

என்னைக் கவலைப்பட வைத்தது அந்த மேனேஜர்தான். பத்து நாள் ஆடாமல் இருந்தால், "சார், உங்களைக் காணோமே! உங்க கணக்கில் ஐந்நூறு போட்டிருக்கேன்" என்று மெசேஜ் வருமாம். குடியை நிறுத்தியவர் வீட்டு வாசலில் ஒரு பாட்டிலை வைப்பது போன்றது இது.

சூதாட்ட அடிமைத்தனத்தை நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டிருக்கிறது. பிரிட்டனில் சூதாட்ட ஆணையம் 2020-ல் விதிகளை இறுக்கியது. ஒருவரை வி.ஐ.பி. ஆக்கும் முன், அந்தச் செலவு அவருக்குத் தாங்குமா, ஆட்டத்தால் பாதிப்பு இருக்கிறதா என்று நிறுவனம் விசாரிக்க வேண்டும். நம் நாட்டிலோ பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனாலும், வெளிநாட்டிலிருந்து போனுக்குள் நுழைகிறவர்களிடம் நாம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

உடம்பு என்ன சொல்கிறது?

அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். தூக்கமும் அதில் ஒன்று. அதை அடக்கினால் தலைக்கனம், கண் எரிச்சல், கோபம், மறதி என்று வரிசையாக வரும். பணப் பதற்றமும் சேர்ந்தால் ரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும்.

பாங்க் ஸ்டேட்மென்டை எடுத்து வரச் சொல்லி மூவரும் கூட்டிப் பார்த்தோம். கட்டியது 4,10,000. திரும்ப வந்தது, சலுகைகளையும் சேர்த்து, 1,44,000. மகளின் காலேஜ் ஃபீஸுக்காகச் சேர்த்த பணமும் அதில் போயிருந்தது. அந்த அம்மா அழவில்லை. "இதைக் கேட்டிருந்தா நானே தினமும் வாழ்த்து சொல்லியிருப்பேனே" என்றார். அவர் தலை குனிந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கு:

* ராத்திரி போன், பணம் பற்றிப் பொய், திடீர்க் கடன், காரணமில்லாத எரிச்சல் என்று கண்டால் திட்டாதீர்கள்; உட்கார்ந்து பேசுங்கள்.

* ஆப்பை நீக்கி, மேனேஜரின் நம்பரையும் தடுத்துவிடுங்கள். சம்பளக் கணக்கைச் சில மாதம் வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

* கடனை அடைத்துவிட்டு, பழையபடி பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

* மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். "வாழ்ந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் சொன்னால் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அவருக்கு நான் லேகியம் கொடுக்கவில்லை. வாரம் இருமுறை எண்ணெய்க் குளியல், ஒன்பது மணிக்கு மேல் போன் மனைவியிடம், கூடவே மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம். இவ்வளவுதான். நான்கு மாதம் கழித்து வந்தார். தூக்கம் திரும்பிவிட்டது. கடன் இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி. "இப்ப நான் வி.ஐ.பி. இல்லை டாக்டர்" என்று சிரித்தார்.

"வீட்டில்தானே இருக்கணும் அந்தப் பட்டம்" என்றேன். பக்கத்தில் இருந்த அந்த அம்மாவும் சிரித்தார்.