பலகைக் கணினிகளின் கதை – 9: யார் படித்தார்கள்?

கம்பெனிக் கர்னல் எது, மெயின்லைன் கர்னல் எது என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று. விட்டவர்களுக்காக ஒரு வரி: சிப் கம்பெனி தானே கொடுப்பது கம்பெனிக் கர்னல், லினக்ஸ் சமூகம் சேர்ந்து பராமரிப்பது மெயின்லைன் கர்னல். இந்த வாரம் டிரேம் (போர்டின் ரேம் நினைவகம்) எப்படி உயிர் பெறுகிறது என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகக் குறிப்புகளைப் புரட்டியபோது ஆல்வின்னர் சங்கதி ஒன்று கண்ணில் பட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஆல்வின்னர் சீனாவின் ஜுஹாய் நகரத்துச் சிப் கம்பெனி. மலிவு டேப்லெட்டுகளுக்கும் டிவி பெட்டிகளுக்கும் சிப் செய்து பெயர் வாங்கியது. அதன் ஹெச்3 சிப்பை வைத்து 2015-ல் ஆரஞ்சு பை பிசி என்ற போர்டு 15 டாலருக்கு வந்தது. நான்கு கோர், ஒரு ஜிபி ரேம். அந்த விலைக்கு வேறென்ன வேண்டும்? கூடவே கம்பெனி கொடுத்த கர்னலின் எண் 3.4. மூலக் கர்னல் 2012 மே மாதத்துச் சரக்கு.

அந்தக் கர்னலில், ப்ராக் அடைவுக்குள், சன்க்ஸி_டீபக் என்றொரு கோப்பு இருந்தது. சாதாரண யூசர் யாராக இருந்தாலும் அதில் 'ரூட்மைடிவைஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் போதும். அந்த நொடியே அவர் ரூட், அதாவது சர்வ அதிகாரி. பாஸ்வேர்டு கிடையாது. ஓட்டை தேடிக் குடைய வேண்டிய வேலையும் இல்லை.

அந்த நிரலைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. 12 எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு வரி. யூசர் ஐடி, குரூப் ஐடி வகையறாவைப் பூஜ்யமாக்கச் சில வரிகள். கடைசியாக, 'இப்போது நீ ரூட்' என்று கர்னல் லாகில் ஒரு செய்தி! திருடனை உள்ளே விட்டதோடு நிற்காமல் கையில் ரசீதும் கொடுத்து அனுப்புகிறார்கள். சோதனைக்காக யாரோ எழுதி, அழிக்காமல் விட்டிருக்க வேண்டும் என்பதுதான் நம்பத் தகுந்த விளக்கம். 2016-ல் விஷயம் வெளியே வந்தது. சிவிஇ-2016-10225 என்று எண்ணும் விழுந்தது. ஹெச்3 மட்டுமல்ல, ஏ83டி, ஹெச்8 சிப்புகளுக்கான 3.4 கர்னலிலும் இதே கதை.

பூட்டி வைத்த பைனரிக்குள் இது ஒளிந்திருந்தால் சமாதானம் சொல்லலாம். இது சோர்ஸ் கோடிலேயே, பெயர் போட்ட கோப்பில், படிக்கிற மாதிரிதான் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. கம்பெனிக் கர்னலின் கோளாறு பழசாக இருப்பது என்று நாம் நினைக்கிறோம். எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதை வரி வரியாகப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அதைவிடப் பெரிய கோளாறு.

மெயின்லைனில் என்ன நடக்கிறது? அதே ஹெச்3-ன் ஈத்தர்நெட் கதையைக் கேளுங்கள். ஹெச்3-க்கு அடிப்படை ஆதரவு முன்பே வந்துவிட்டது, ஈத்தர்நெட் வரவில்லை. 2017-ல் 4.13-க்கு டிரைவர் சேர்ந்தது. கொண்டாடுவதற்குள் பிரச்சினை கிளம்பியது. ஹெச்3 சிப்புக்குள்ளேயே ஈத்தர்நெட்டுக்கான 'ஃபை' (கேபிளில் சிக்னலை அனுப்பி வாங்கும் பகுதி) ஒன்று உண்டு. வேண்டுமானால் போர்டில் தனியாக இன்னொன்றும் வைக்கலாம். இந்த இரண்டையும் டிவைஸ் ட்ரீயில், அதாவது போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியலில், எப்படி எழுதுவது என்று வாதம். முடிவு எட்டாததால் 4.13 வெளியாகும் முன்பே அந்த வரிகளைத் திரும்பப் பெற்றார்கள். டிவைஸ் ட்ரீயில் ஒன்றை ஒப்புக்கொண்டால் பிற்பாடு வரும் கர்னல்களும் அதைச் சுமக்க வேண்டும், அதனால்தான் இத்தனை பிடிவாதம். கடைசியில் 2018 ஜனவரியில், 4.15-ல்தான் ஈத்தர்நெட் வேலை செய்தது. கம்பெனிக் கர்னலிலோ போர்டு வந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது!

போர்டு வாங்கியவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் ஒரு ஃபையை எப்படி எழுதுவது என்று இத்தனை மாதம் மல்லுக்கு நிற்பவர்களிடம் அந்த 12 எழுத்துப் பேட்ச் போயிருந்தால் ஒரு நாள் தாங்கியிருக்குமா? ஈத்தர்நெட்டுக்கு நாம் காத்திருந்த காலம்தான் அந்தக் காவலுக்குக் கொடுத்த கூலி. ஆற அமர வந்த ஈத்தர்நெட்டே எனக்குப் போதும்.

ஆசிரியர் ஒதுக்கிய இடம் தீர்ந்தது; டிரேம் அடுத்த வாரம் நிச்சயம். அதற்கு முன் ஒரு சண்டையைத் தீர்த்தாக வேண்டும். ஹெச்3-ன் பூட் ரோம் முதல் நிரலைத் தேடி எஸ்டி கார்டின் 8 கேபி இடத்துக்குப் போகும். கார்டை ஜிபிடி முறையில் பிரித்திருந்தால், அதே இடத்தில் பார்டிஷன் அட்டவணை ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஹெச்3 இதற்கு 128 கேபி-யில் ஒரு மாற்று வழி வைத்திருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)