பெயர்ப்பலகைத் தமிழ்: பார்க்கவா, படிக்கவா?

சிங்கப்பூரின் 5 காசு நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் குறுக்களவு 17 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் நாட்டின் பெயர் அதில் நான்கு மொழிகளிலும் இருக்கிறது. 'சிங்கப்பூர்' என்ற தமிழ்ச் சொல்லில் ஆறு எழுத்துகள், மூன்று புள்ளிகள். சி-யின் வளைவு மேலே எழுகிறது. பூ-வின் கோடு கீழே இறங்குகிறது. இத்தனையும் அந்தச் சின்னஞ்சிறு உலோக வட்டத்தில் இடம்பிடித்திருக்கின்றன.

அப்படியிருக்க, ஆறடி அகலப் பதாகையில் தமிழ் எழுத்து சிதைந்து நிற்பது ஏன்? இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்துக்காக வரைந்த கட்டத்தில் தமிழைக் கடைசி நேரத்தில் திணிப்பதுதான் பெரும்பாலும் காரணம். தமிழ் எழுத்துக்கென்று ஓர் உடலமைப்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு வரைபவர் கையில் அது அழகாகவும் நிற்கும், படிக்கவும் வரும். தெரியாதவர் கையில் அது வெறும் அலங்காரமாகிவிடும்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள், கடைக்குப் பெயர்ப்பலகை செய்யக் கொடுக்கும் வணிகர்கள், சமூக மன்றங்களில் தீபாவளிப் பதாகை தயாரிக்கும் இந்தியர் நற்பணிச் செயற்குழுவினர் என எல்லாருக்கும் இது பயன்படும் செய்தி.

இருவகைத் தவறுகள்

2014ஆம் ஆண்டில் லாவ் பா சாட் உணவங்காடிக்கு வழிகாட்டிய பலகை ஒன்றில், 'சாட்' என்ற ஒலி ஆங்கிலத்தில் சனிக்கிழமையைக் குறிக்கும் சுருக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, தமிழில் 'சனி' ஆனது. சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. 2017ஆம் ஆண்டு தேசிய தின அணிவகுப்புக்கான கையேட்டில், அவ்வாண்டு முழக்கவரியின் தமிழ் வடிவம் படிக்க முடியாதபடி எழுத்துகள் பிறழ்ந்து அச்சானது. அதற்கும் மன்னிப்புக் கேட்கப்பட்டது.

இரண்டும் ஒரே மாதிரித் தவறுகள் போலத் தோன்றும். ஆனால் அவை வெவ்வேறு வகை. முதலாவது சொல்லில் நேர்ந்த தவறு. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பார்த்திருந்தால் அது நின்றிருக்கும். இரண்டாவது எழுத்தில் நேர்ந்த தவறு. மொழிபெயர்ப்பாளர் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்த பிறகும், வடிவமைப்பாளரின் கணினியிலோ அச்சகத்திலோ இத்தகைய தவறு நேரலாம். எனவே தமிழ் தெரிந்த ஒருவர் தொடக்கத்தில் மட்டும் பார்த்தால் போதாது, முடிவிலும் பார்க்க வேண்டும்.

மூன்றெழுத்துப் பாடம்: பூன் லே

மேற்கு வட்டாரவாசிகள் அன்றாடம் சொல்லும் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஜூரோங்கில் தோட்டங்கள் வைத்திருந்த வணிகர் சியூ பூன் லேயின் (1852-1933) பெயர்தான் அந்த வட்டாரத்துக்கு வழங்குகிறது. அங்கு 1990ஆம் ஆண்டு ஜூலை மாதம் எம்ஆர்டி நிலையம் திறக்கப்பட்டது. இது ஒருவரின் பெயர் என்பதால் பொருளைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஒலியை எழுதினால் போதும்: பூ, ன், லே. மூன்றே எழுத்துகள்தான். ஆனாலும் தமிழ் எழுத்து வரைவதில் உள்ள முக்கியச் சிக்கல்கள் மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன.

'பூ' என்ற எழுத்தின் கோடு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். கீழே இடம் விடாவிட்டால் அது வெட்டுப்படும். 'ன்' என்ற எழுத்தின் புள்ளி தலைக்கு மேலே நிற்கும். அது போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகி, 'பூன' என்று படிக்க நேரிடும். 'லே' என்ற எழுத்தில் இருப்பது இரட்டைக் கொம்பு. அதன் மேல் சுழியில் மை நிரம்பி அடைத்துக்கொண்டால் ஒற்றைக் கொம்பு போலத் தெரியும். 'லே' குறுகி 'லெ' ஆகிவிடும்.

இந்தச் சின்னச் சுழிக்கும் புள்ளிக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடு எழுதியோர் அதை இடாமலே விட்டார்கள். படிப்பவர்தான் இடமறிந்து படித்துக்கொள்ள வேண்டும். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டும் இரட்டைக் கொம்பைக் கொண்டுவந்தவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பார்கள். படிப்பவருக்குக் குழப்பம் வரக்கூடாது என்று முன்னோர் சேர்த்துவைத்தவற்றை அழகுக்காக ஒரு பலகையில் அழித்துவிடுவது சரியாகுமா?

கொம்பு ஏன் இடம் மாறுகிறது?

'லே' என்று தட்டச்சு செய்யும்போது கணினி முதலில் ல-வையும் அதன்பின் கொம்பையும் பதிந்துகொள்கிறது. ஒலிக்கும் வரிசை அது. ஆனால் கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு இடப்பக்கம் வர வேண்டும். 'கொ' என்றால் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்து தர மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத மென்பொருள் பதிந்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு பின்னால் போகும். புள்ளி தனியே தொங்கும்.

பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் அடோபி மென்பொருள்களில் தென்னாசிய மொழிகளுக்கென ஒரு வசதி இருக்கிறது. விருப்பத்தேர்வுகளில் அதைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் எழுத்து சிதையலாம். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் கண்ணுக்கு அது தவறாகவே படாது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இந்த வசதி இருப்பதைப் பலகை செய்யக் கொடுப்பவர் எடுத்துச் சொல்வதே நல்லது.

1995ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. 1997ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடும் இங்கு நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் இன்றும் கொம்பு இடம் மாறி நிற்பது வருந்தத்தக்கது.

அளவும் இடைவெளியும்

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். இரண்டு கோடுகளுக்கு நடுவே அடங்கிவிடும். தமிழ் அப்படியன்று. ட, ப, ம போன்றவை நடுவில் நிற்கும். கி, ழி மேலே வளையும். கு, மூ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குக் கொடுத்த உயரத்துக்குள் தமிழின் மேல்வளைவையும் கீழ்க்கோட்டையும் சேர்த்து அடைத்தால், நடு உடல் சிறுத்துப்போகும். நான்கு மொழிப் பலகைகளில் தமிழ் மட்டும் பொடியாகத் தெரிவதற்கு இதுவே காரணம். தமிழின் நடு உடலை மற்ற மொழி எழுத்துகளோடு ஒப்பிட்டு அளவை முடிவு செய்ய வேண்டும். மேலும் கீழும் கூடுதல் இடம் விட வேண்டும்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி ஆங்கிலத்தில் ஒரு மிடுக்கைக் கொண்டுவருவார்கள். தமிழில் அதே உத்தியைக் கையாண்டால் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகி நிற்கும். 'கொ' ஓரெழுத்தா மூன்று துண்டுகளா என்று கண் தடுமாறும்.

ரகரத்தின் வால் இன்னொரு கவனம். அது வெட்டுப்பட்டால் கால் போலாகிவிடும். 'மரம்' என்று எழுதியதைப் படிப்பவர் 'மாம்' என்பார். வரியை மடக்குவதும் அப்படித்தான். 'நுழையாதீர்' என்பதை 'நுழையா' என்று ஒரு வரியிலும் 'தீர்' என்று அடுத்த வரியிலும் போட்டால் படிப்பவர் ஒரு கணம் திகைப்பார். இடம் குறைவு என்றால் எழுத்தைச் சுருக்காமல் சொல்லைச் சுருக்கலாம். 'தயவுசெய்து இவ்விடத்தில் கைவைக்க வேண்டாம்' என்பதைவிடத் 'தொடாதீர்' என்ற ஒரே சொல் தெளிவானது.

கற்பனைக்கு ஊற்று எங்கே?

தமிழ் எழுத்துக்குக் கற்பனை தேடி வெளிநாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலமே நல்ல ஆசிரியர். புள்ளிகளைச் சுற்றி ஒரே தடிமனில், கை எடுக்காமல் வளைந்து வரும் கோடு அது. அதே கையோட்டத்தில் அ, இ, ஒ எழுதிப் பழகினால் வளைவுகள் சீராக வரும். தேக்காவின் பூக்கடைகள், சிராங்கூன் சாலையின் பெயர்ப்பலகைகள், கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் ஆகியவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சுற்றி வரலாம்.

பழைய பலகைகளில் யானைத் துதிக்கை போன்ற 'லை'யைக் காணலாம். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் அந்த வடிவம் வழக்கொழிந்தது; சிங்கப்பூரும் புதிய வடிவங்களையே பின்பற்றியது. பழமை மணம் வேண்டும் கடைக்குத் துதிக்கை 'லை' அழகுதான். ஆனால் இன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லாத வடிவம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆயத்த எழுத்துருக்களுக்கும் இன்று பஞ்சமில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'இணைமதி' ஆப்பிள் கணினிகளோடு வந்தது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கேட்டமரான்', கூகலின் 'நோட்டோ' தமிழ் எழுத்துருக்கள் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. நீண்ட செய்திக்கு எளிய எழுத்துரு, தலைப்புக்கு மட்டும் அலங்கார எழுத்துரு என்று வைத்துக்கொள்வது நல்லது.

சின்னம் வரையும்போது

2010ஆம் ஆண்டில் இந்தியா ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை வரைந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்துருவியலை ஆராய்ந்தவர் அவர். தேவநாகரி எழுத்து ஒன்றும் ஆங்கில எழுத்து ஒன்றும் அந்தக் குறியீட்டுக்குள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்று இடைஞ்சலாக இல்லை.

இருமொழிச் சின்னம் வரைவோருக்கு இதில் பாடம் உண்டு. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ்க் கொம்பை ஒட்டவைப்பது கலப்பாகாது. இரு எழுத்துகளுக்கும் பொதுவான வளைவு எது என்று தேட வேண்டும். முதலில் கறுப்பு வெள்ளையில் வரைய வேண்டும், பிறகுதான் வண்ணம். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியும் அடையாளம் தெரிந்தால் அது நல்ல சின்னம்.

அச்சுக்குப் போகும் முன்

மொழிபெயர்ப்பாளர் கொடுத்த மூலத்தையும் அச்சுப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். சரியென்று உறுதியான பிறகு எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது. திருத்தம் வந்தால் உதவும் என்பதால் மாற்றாத பிரதி ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். கடைசியாக, தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, தமிழ் படிக்கும் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, ஆங்கிலம்தான் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பூன் லேக்கு அப்பால் ஜூரோங், துவாஸ் பக்கம் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்பவர்களில் தமிழகத்திலிருந்து வந்த ஊழியர்கள் ஏராளம். வேலியில் தொங்கும் நான்கு மொழிப் பலகையில் அவர்களில் பலர் தேடிப் படிப்பது 'அபாயம்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான். அதன் எழுத்துகள் சிதைந்திருந்தால் அது மொழிக்கு வந்த இழுக்கு மட்டுமன்று, ஒருவரின் கைக்கும் காலுக்கும் வரும் ஆபத்து. பலகையில் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அதைப் படிக்க முடிகிறதா என்றும் பார்ப்போம். முடியவில்லை என்றால் பொறுப்பானவரிடம் பணிவாக எடுத்துச் சொல்வோம்.