சுழியோடியின் இதயமும் சிலிண்டர் காற்றும்

சங்கு எடுக்கவும் கடலட்டை பிடிக்கவும் கடலில் இறங்கும் சுழியோடிகளை "ஒட்சிசன் போட்டுக்கொண்டு போறவை" என்று சொல்வது எமது கரையோரக் கிராமங்களில் வழக்கம். உண்மையில் அவர்கள் முதுகில் சுமந்து செல்லும் சிலிண்டரில் இருப்பது தனி ஒட்சிசன் அல்ல. நாம் கரையில் சுவாசிக்கும் சாதாரண காற்றைத்தான் அமுக்கி அதில் அடைத்திருக்கிறார்கள். அதில் 21 வீதம் ஒட்சிசன். மீதியில் ஏறத்தாழ எல்லாமே நைதரசன். சுழியோடும் கணவனோ மகனோ சகோதரனோ உள்ள பெண்கள் இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வது நல்லது.

கடலில் 10 மீற்றர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அமுக்கம் ஒரு வளிமண்டல அளவால் கூடுகிறது. 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. ஆகவே அதே காற்றைச் சுவாசித்தாலும், ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு ஒட்சிசன் சுவாசப்பைக்குள் செல்கிறது.

ஒட்சிசன் கூடினால் உடலுக்கு நன்மைதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் குருதிக் குழாய்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. தேவைக்கு மேல் ஒட்சிசன் வந்ததும் அவை சுருங்குகின்றன. இதயத்துடிப்புக் குறைகிறது. சுருங்கிய குழாய்களுக்கு எதிராகக் குருதியைத் தள்ளவேண்டிய வேலை இதயத்துக்கு வந்து சேருகிறது. போதாததற்கு, நீரில் அமிழ்ந்தவுடனேயே கால்களில் இருந்த குருதியில் அரை லீற்றருக்கும் மேல் நெஞ்சுப் பக்கமாக ஒதுங்குகிறது. சுகமான இதயம் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். குருதி அமுக்கம் உள்ளவருக்கும், இதயக் குழாயில் அடைப்பு இருந்தும் அறியாதவருக்கும் கதை வேறு. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது நெஞ்சு இறுகலாம். சிலருக்குச் சுவாசப்பையில் நீர் கோத்து, இருமலுடன் நுரையும் வரும். களைப்பு என்று இதை விட்டுவிடக்கூடாது.

தனி ஒட்சிசனை அடைத்துக்கொண்டு இறங்குவது இன்னும் ஆபத்து. 6 மீற்றருக்குக் கீழேயே வலிப்பு வரக்கூடும். அமுக்கம் கூடிய ஒட்சிசன் வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பிரான்ஸ் நாட்டு அறிஞர் போல் பேர் 1878ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலிருக்கும் குழாய் நழுவிவிடும்.

சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிச் சுழியோடுவோருக்கு ஆபத்து மறுபக்கத்திலிருந்து, அதாவது ஒட்சிசன் குறைவதால் வருகிறது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் பெண்களே இத்தொழிலைச் செய்துவருகிறார்கள். 'ஹெய்ன்யோ' எனப்படும் இவர்களில் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களும் உண்டு. இவர்களது மரபை யுனெஸ்கோ 2016இல் தனது பட்டியலில் சேர்த்தது. இவர்களை 1960களில் ஆராய்ந்தவர்கள், நிமிடத்துக்கு 100 அளவில் இருந்த நாடித்துடிப்பு, மூழ்கிய அரை நிமிடத்துக்குள் 60 அளவுக்கு இறங்குவதைக் கண்டார்கள். கையிருப்பில் உள்ள ஒட்சிசனைச் சிக்கனமாகச் செலவுசெய்ய உடல் கண்ட வழி அது. இப்பெண்கள் ஒவ்வொரு தடவையும் குறுகிய நேரமே மூழ்கி, மேலே வந்ததும் சீழ்க்கை போன்ற ஒலியுடன் மூச்சை விட்டு, ஆறி, மீண்டும் இறங்குவார்கள். கூட்டமாகவே தொழில் செய்வார்கள்.

இளைஞர்கள் சிலர் இறங்குமுன் வேகவேகமாகப் பல தடவை மூச்செடுத்துக்கொள்வதுண்டு. அதனால் ஒட்சிசன் பெரிதாகக் கூடுவதில்லை. காபனீரொட்சைட்டுத்தான் வெளியேறுகிறது. மூச்செடுக்கவேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவதே அந்த வாயு. தவிப்பு வராதபடியால் அதிக நேரம் கீழே நின்றுவிடுகிறார்கள். மேலே வரும்போது அமுக்கம் குறைய, மிஞ்சியிருந்த ஒட்சிசனும் போதாமல், கரைக்கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே மயங்கிவிடுகிறார்கள்.

இது ஆண்களின் தொழில், நாங்கள் என்ன கேட்பது என்று பெண்கள் ஒதுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிலிண்டரை எங்கே நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். காற்றமுக்கி இயந்திரத்தின் புகை காற்று உறிஞ்சும் குழாய்க்குள் போனால் காபனோரொட்சைட்டும் சிலிண்டருக்குள் வந்துவிடும். அது குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தைப் பட்டினி போடும். நாற்பத்தைந்து வயது கடந்தவர், புகைப்பவர், நீரிழிவோ குருதி அமுக்கமோ உள்ளவர் இதயப் பரிசோதனை செய்யாமல் இறங்கக்கூடாது. போரில் நெஞ்சில் காயப்பட்டவர்களையும், சுவாசப்பையில் எறிகணைச் சிதறல் உள்ளவர்களையும் பற்றி எமது பகுதிகளில் தனியாகச் சொல்லவேண்டியுள்ளது. தழும்பேறிய சுவாசப்பையில் காற்றுச் சிக்கி, மேலெழும்போது விரிந்து வெடிக்கலாம். காயம் ஆறிப் பல வருடங்கள் ஆனாலும், இறங்குமுன் வைத்தியரிடம் அதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

மேலே வந்தவருக்கு மூட்டு நோ, மரமரப்பு, தலைச்சுற்று, கால் இயங்காமை இருந்தால் நைதரசன் குமிழிகள் உடலில் தங்கியிருக்கின்றன என்று எண்ணவேண்டும். நால்வரில் ஒருவருக்கு, பிறக்குமுன் இதயத்தின் மேலறைகளுக்கிடையே இருந்த சிறு வழி முழுமையாக மூடாமலே இருக்கிறது. அதனூடாகக் குமிழி மூளைக்கும் போகலாம். அவரை மறுபடி கடலுக்குள் இறக்கிச் சரிசெய்ய முயலவேண்டாம். நேராகப் படுக்கவைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆழத்தில் வலிப்பைத் தரக்கூடிய அதே தனி ஒட்சிசன்தான் கரையில் அவருக்குக் கொடுக்கவேண்டிய முதல் மருந்து. சுழியோடிவிட்டு வந்தவர் என்பதையும், எத்தனை மணிக்கு எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தார் என்பதையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.