யாரும் யாருடனும் இல்லையா?

"பெண்ணுக்கு வீடுதானே உலகம்! வீட்டுக்குள் இருக்கிறவரை அவளுக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திண்ணையில் கேட்கிறார்கள், தேநீர்க் கடையில் ஏட்டைப் பிரித்துக்கொண்டு கேட்கிறார்கள், சில நேரம் மேடையேறியும் கேட்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல விரும்புகிறோம்.

புத்தகத்தின் பெயர் 'யாரும் யாருடனும் இல்லை'. எழுதியவர் உமா மகேஸ்வரி. போடிநாயக்கனூரில் பிறந்தவர், ஆண்டிபட்டியில் குடியிருந்து எழுதியவர். 2003ஆம் ஆண்டு வெளிவந்த நாவல் இது. அரண்மனைக் கதையல்ல, அரசகுமாரி கதையல்ல. ஒரு கூட்டுக் குடும்பத்தின் கதை. ஒரே கூரையின் கீழ்ப் பல தலைமுறைப் பெண்கள். முடி நரைத்தவள் இருக்கிறாள், மூக்குத்தி மின்ன வந்த மருமகள் இருக்கிறாள், பாவாடை கட்டிய சிறுமியும் இருக்கிறாள். அடுப்பு ஒன்று, கிணறு ஒன்று, வாசல் ஒன்று. ஆனால் மனம்? அது ஆளுக்கொரு தீவு! அந்த வீட்டுக்குத் தீர்ப்பு எழுதுவது போலத் தலைப்பு வைத்திருக்கிறார் ஆசிரியர்: யாரும் யாருடனும் இல்லை.

படித்து முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது, தோழர்களே! இத்தனை பெண்கள் சேர்ந்து வாழும் வீட்டில் ஒருத்திக்கு ஒருத்தி ஏன் துணையாக முடியவில்லை? பெண்ணுக்குப் பெண்ணே பகை என்று பழமொழி பேசித் தப்பிக்கலாமா? கூடாது. காரணத்தைத் தேட வேண்டும்.

தொழுவத்தைப் பாருங்கள். நாலு மாடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நாலு கயிறும் ஒரே முளையில் கட்டியிருக்கின்றன. ஒரு மாடு நகர்ந்தால் இன்னொரு மாட்டின் கயிறு இறுகும். இரண்டும் முட்டிக்கொள்ளும். பார்ப்பவன் மாட்டைத் திட்டுவான். முளையை எவன் திட்டுகிறான்? கூட்டுக் குடும்பத்துப் பெண்களின் நிலையும் அதுதான். மாமியாருக்கு அந்த வீட்டில் இடம், மகன் இருப்பதால். மருமகளுக்கு இடம், கணவன் இருப்பதால். கைம்பெண்ணுக்கு இடம், அண்ணன் மனம் இரங்கினால். பெண் குழந்தைக்கோ, கட்டிக்கொடுக்கும் நாள்வரைதான் இடம்! ஆண் என்னும் முளையில் அத்தனை கயிறும் கட்டியிருக்கும்போது, பெண்கள் தங்களுக்குள் எப்படி உறவாட முடியும்? ஒருத்தியின் உரிமை இன்னொருத்தியின் பயமாக அல்லவா மாறிவிடுகிறது!

அந்த முளையை ஆட்டிப் பார்க்கவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் நிறைவேறியது 1929இல். தமிழ்நாட்டில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு என்று கலைஞர் ஆட்சி சட்டம் செய்தது 1989இல். இடையில் ஓடியது அறுபது ஆண்டு! இந்தியா முழுமைக்கும் அந்த உரிமை வந்ததோ 2005இல்தான். மாநாட்டில் கைதூக்கிய இளம்பெண் சட்டம் வந்தபோது பாட்டியாகியிருப்பாள். மாநாட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் யாருடனும் இல்லாமல் வாழ்ந்து மறைந்தார்களோ!

இது வீட்டுக்குள் நடக்கும் கதை. வீட்டு வாசலைத் தாண்டி, அதே தேனிச் சீமையின் சாலைக்கு வருவோம். அங்கே வேறொரு கதை நடக்கிறது. அதை எழுத இன்னொரு நாவல் வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கு செழிப்பான பூமி. 1895இல் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைத் துளைத்து வந்தது முதல் இருபோகம் விளையும் வயல். கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கமெல்லாம் பன்னீர்த் திராட்சைப் பந்தல். ஆனால் வயலும் பந்தலும் எல்லோருக்கும் சொந்தமா? நிலமற்றவள் மலையைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. விடியும் முன்னே ஜீப்புகள் புறப்படுகின்றன. குமுளி வழி, கம்பம்மெட்டு வழி, போடிமெட்டு வழி என்று மூன்று வழிகளிலும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. இருக்க வேண்டிய கணக்குக்கு மேல் ஆள், மடியில் தூக்குவாளி, வளைவுக்கு வளைவு உயிர் போய் உயிர் வரும் பயணம்.

அந்த ஜீப்பில் யார் யார்? அறுபதைத் தாண்டியும் கூலிக்குப் போகும் கைம்பெண். புருஷன் விட்டுப்போக, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் முப்பது வயதுக்காரி. படிப்பை நிறுத்திவிட்டுப் புதிதாகக் காய் எடுக்க வந்த சின்னப்பெண். ஒருத்தி வயிற்றில் ஒருத்தி பிறந்தவள் அல்லள். ஆனாலும் கிழவி எல்லோருக்கும் அப்பத்தா! நடுவயதுக்காரி மதினி! சின்னவள் எல்லோருக்கும் மகள்! மூத்தவளுக்கு மூட்டு வலி என்றால் அவள் நிரையையும் சேர்த்து எடுத்துக் கொடுப்பாள் இளையவள். இளையவளுக்கு வயிற்று வலி என்றால் கண்காணிப்பவனிடம் காரணம் சொல்லிச் சமாளிப்பாள் மூத்தவள். ஒருத்தி வாளியில் குழம்பு இல்லையென்றால் மூன்று வாளி திறக்கும்.

இந்த உறவு வெறும் வாய் உறவா? 2011 டிசம்பரில் சோதனை வந்தது. முல்லைப் பெரியாறு விவகாரத்தில் எல்லையில் பதற்றம் மூண்டபோது, மேலே வேலை செய்துகொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்குதலுக்கு அஞ்சிக் காட்டுப் பாதைகள் வழியே நடந்தே கீழே இறங்கினார்கள். பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கொடும் இருளில், வழி தெரியாத காட்டில் கைபிடித்து நடந்தவளிடம், நீ எனக்கு என்ன முறை என்று எவள் கேட்டிருப்பாள்?

ஜீப்பில் சாதி ஏறுவதே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஏறத்தான் செய்கிறது. ஊரில் தெரு பிரித்து வாழ்கிறவர்கள் மலை ஏறியதும் மாறிவிடுவார்கள் என்பது மாயப் பேச்சு. ஆனால் உழைப்பு ஒன்றானால், கூலி ஒன்றானால், ஆபத்து ஒன்றானால், தெருவில் எழுப்பிய சுவர் மலையில் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அந்த ஆட்டம்தான் நமக்கு நம்பிக்கை.

நம்பிக்கை வீண் போகவில்லை என்பதற்கு மூணாறு சான்று. போடிமெட்டைத் தாண்டிப் போகும் சாலைதான் மூணாறு போய்ச் சேருகிறது. அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்களில் பெரும்பாலோர், பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பத்தவர். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் கம்பெனி போனஸை 10 சதவிகிதமாகக் குறைத்தது. நாள் கூலியோ அப்போது 232 ரூபாய். வெகுண்டெழுந்தார்கள் பெண்கள். 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் சாலையில் அமர்ந்தார்கள். லயத்துக் கிழவியும் வந்தாள், பிள்ளைத்தாய்ச்சியும் வந்தாள். லிஸி சன்னி, கோமதி, இந்திராணி மணிகண்டன் என்று அவர்களுக்குள்ளிருந்தே தலைவர்கள் தோன்றினார்கள். அதுவரை அவர்கள் பெயரால் பேசி வந்த தொழிற்சங்க ஆண் தலைவர்களை, "விலகி நில்லுங்கள்" என்று விரட்டினார்கள். ஒன்பது நாள் போராட்டம். முடிவில், போனசும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 சதவிகிதம் என்று கம்பெனி இறங்கி வந்தது. அடுத்த மாதம் தேயிலைத் தொழிலாளிக்குக் கூலி 301 ரூபாய் ஆயிற்று.

தொழிற்சங்கத் தோழர்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சங்கம் இருந்தது, கொடி இருந்தது, சந்தா இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் சங்கத்தில் உறுப்பினர்களாகத்தான் இருந்தார்களே தவிர, உறவினர்களாக இல்லை. அங்கும் யாரும் யாருடனும் இல்லை! ஒருமை என்று அவர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டது ஏன் என்று இப்போது புரிகிறதா?

"இதெல்லாம் சரி, சேர்ந்து வேலை செய்வது வேறு, குடும்பம் என்பது வேறு. இரத்த உறவில்லாதது குடும்பமாகுமா?" என்று மறுபடியும் திண்ணைக்காரர் கேட்பார். ஆகும் என்கிறோம்! புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், தீ வளர்க்காமல், இருவர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு மாலை மாற்றினால் போதும், அது திருமணம் என்று 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டம் செய்யவில்லையா? அப்போதும் இவர்கள் குடும்பம் அழிந்தது என்றுதான் ஓலமிட்டார்கள். அழிந்ததா? இலட்சோபலட்சம் குடும்பங்கள் தழைத்தன! மனம் ஒப்பிச் சேர்வதே குடும்பத்தின் வேர் என்பதை அன்றே ஒப்புக்கொண்டது தமிழ்நாடு.

இன்று நீதிமன்றங்களும் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கியிருக்கின்றன. கணவரின் முதல் மனைவி பெற்ற குழந்தைகளை வளர்த்தாள் என்பதற்காக ஒரு செவிலிக்குப் பேறுகால விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவளுக்கு விடுப்பு உண்டு என்றது. தாய், தந்தை, பிள்ளை என்ற ஒரே அச்சில் எல்லாக் குடும்பமும் அடங்காது என்றும் எடுத்துக் காட்டியது. 2025 மே மாதம், பெற்றோர் வீட்டில் அடைக்கப்பட்டிருந்த பெண் ஒருத்தியை அவள் விரும்பிய தோழியிடம் சேர்ப்பித்த சென்னை உயர் நீதிமன்றம், மணம் ஒன்றே குடும்பம் அமையும் வழியன்று, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. சட்டப் புத்தகம் இன்று தட்டுத்தடுமாறிப் படிக்கும் பாடத்தை, ஏலத்தோட்டத்து அப்பத்தா எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டாள்!

ஆனால் தோழர்களே, பாராட்டினால் அவள் பாரம் குறையாது. குடும்ப அட்டையில் உறவுமுறை எழுத ஓர் இடம் இருக்கிறது. ஜீப்பில் கிடைத்த மகளை அங்கே என்னவென்று எழுதுவது? மருத்துவமனையில் கையெழுத்துப் போட இரத்த உறவைத் தேடுகிறார்கள். பத்தாண்டு சோறு போட்டவள் வாசலில் நிற்கிறாள். பத்தாண்டாக எட்டிப் பாராத பங்காளி உள்ளே போகிறான். செத்தால் கொள்ளி வைக்க ஆண்பிள்ளை எங்கே என்று ஊர் தேடுகிறது. கூழ் ஊற்றிய கைக்குக் கொள்ளி வைக்கத் தகுதியில்லையா? பகுத்தறிவு பேசும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அல்லவா இது?

எனவே செய்ய வேண்டியதைச் செய்வோம். ஊர்ப் படிப்பகத்தில் உமா மகேஸ்வரியின் நாவலை வாங்கி வையுங்கள். ஆண்கள் முதலில் படியுங்கள். படித்துவிட்டு வீட்டுக்குப் போய், உங்கள் தாயும் மனைவியும் மகளும் எந்த முளையில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று பாருங்கள். சொத்தில் பங்கைத் தங்கை கேட்கும்வரை காத்திராமல் எழுதிக் கொடுங்கள். சங்கத்தின் செயற்குழுவில் கொழுந்து கிள்ளுகிறவளும் காய் எடுக்கிறவளும் நாற்காலி போட்டு உட்காரட்டும். ஜமுக்காளம் விரிக்க மட்டும் அவர்களை அழைக்காதீர்கள். நாதியற்ற கிழவி ஒருத்தி கண் மூடினால், அவளோடு உழைத்த பெண்கள் முன்னே நடக்கட்டும், நாம் பின்னே நடப்போம்.

யாரும் யாருடனும் இல்லை என்று அந்த வீட்டைப் பார்த்து எழுதினார் ஆசிரியர். எழுதியது உண்மை. நாளை விடியுமுன் போடிமெட்டில் ஏறும் ஜீப்பைப் பாருங்கள். குளிருக்கு ஒரே போர்வையை மூன்று தலைமுறை இழுத்துப் போர்த்திக்கொண்டு போகிறது. அதுவும் உண்மை. முதல் உண்மையை மாற்றுவதும், இரண்டாம் உண்மைக்கு உரிமை தேடித் தருவதும் நம் கடன்.