கலாநிதிப் படிப்பு: தனியே சுமக்கும் சுமை அல்ல

மகனோ மகளோ பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுவிட்டால் வீட்டுக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வந்து, “நான் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யப் போகிறேன்” என்றால் வீடு திகைத்துப் போகின்றது. “இன்னும் எத்தனை வருசம் மகன்?” என்பதே முதற் கேள்வி.

கேள்வி நியாயமானது. 1990 ஆம் ஆண்டு வன்செயல்களின்போது அம்பாறைக் கரையோரத்தின் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் வீட்டையும் வயலையும் விட்டு ஓடவேண்டி வந்தது. சொறிக்கல்முனை போன்ற வேளாண்மைக் கிராமங்களில் விழுந்த குடும்பம் மீண்டும் எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் செல்கின்றன. அத்தகைய வீட்டில் ஒரு பிள்ளையின் உழைப்பு இன்னும் சில வருடங்கள் பிந்துவது சிறிய விடயம் அல்ல. எனவே இப்படிப்பின் தன்மை என்ன, அது எங்கே இடறும், இதே வழியில் சென்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பவற்றைப் பிள்ளையும் வீட்டாரும் சேர்ந்தே அறிந்துகொள்வது நல்லது.

இது என்ன படிப்பு?

க.பொ.த. உயர்தரத்துக்குப் பாடத்திட்டம் உண்டு, பரீட்சைத் திகதி உண்டு. கலாநிதிப் படிப்பில் இவை இரண்டும் பெரும்பாலும் இல்லை. இதுவரை எவரும் விடை காணாத ஒரு கேள்வியை எடுத்து, சான்று தேடி, ஆய்வேடு எழுதி, அறிஞர் முன் நின்று அதை நிலைநாட்ட வேண்டும். இலங்கையில் முழுநேரமாகச் செய்தாலும் மூன்று வருடங்களுக்குக் குறையாது. வேலை பார்த்துக்கொண்டு செய்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் செல்லும். முதலில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்து, முன்னேற்றத்தைப் பார்த்தபின் கலாநிதிப் பட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு.

மாரி வேளாண்மை விதைத்தால் சில மாதங்களில் வெட்டலாம். இது தென்னம்பிள்ளை நடுவது போன்றது. பல வருடம் தண்ணீர் ஊற்றிய பின்னரே குரும்பையைக் காணலாம். இதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்ட குடும்பத்தில் மனக்கசப்பு குறைவு.

முன்னே சென்றவர்கள்

இப்பாதை எமது மக்களுக்குப் புதியதல்ல. கல்முனைக்குடியில் 1944 இல் பிறந்த எம்.ஏ. நுஃமான் பாடசாலை ஆசிரியராகத் தொழில் தொடங்கி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். தனிநாயகம் அடிகள் உரோமாபுரியில் இறையியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற பிறகு, முப்பது வயதைத் தாண்டிய நிலையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அதன் பின்னரும் லண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் இன்னொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். வயது போய்விட்டதே என்று மலைப்பவர்கள் இவரை நினைக்கலாம்.

நண்பர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஒருவர் பின் ஒருவராக இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ஜோர்ஜ் தொம்சன் என்ற அதே பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்தார்கள். தொம்சன் கிரேக்க இலக்கிய அறிஞர். ஆராயும் முறையை அவரிடம் கற்கலாம். தமிழ் இலக்கிய அறிவை மாணவர்தான் கொண்டுசெல்ல வேண்டும். மேற்பார்வையாளர் வழிகாட்டலாம், வயலை உழவேண்டியவர் மாணவரே.

மட்டக்களப்பின் சி. மௌனகுரு தமது பிரதேசத்தின் மரபுவழி நாடகங்களையே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பொருளாக்கினார். எமது கூத்து ஆய்வுப் பொருளாகுமென்றால், எமது வாய்க்கால், நெல், காணிப் பிரச்சினை, இடப்பெயர்வு ஆகியனவும் ஆகும். அகதி முகாம் வாழ்க்கையை அனுபவித்த வீட்டுப் பிள்ளையிடம், வெளியாருக்கு எளிதில் கிட்டாத அறிவு இருக்கின்றது.

எங்கே இடறுகிறது?

கெட்டிக்காரப் பிள்ளைகளே இப்படிப்பில் தளர்ந்துபோவதுண்டு. காரணம் எப்போதும் அறிவுக் குறைவு அல்ல. பெல்ஜியம் நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 கலாநிதிப்பட்ட மாணவரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2017 இல் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகும் அபாயத்தில் இருந்தனர். வேலைச் சுமை, மேற்பார்வையாளர் நடத்தும் விதம் என்பவற்றோடு, படிப்புக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறியும் இதனோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. செல்வந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், வீட்டில் கடனும் காணி வழக்கும் உள்ள பிள்ளையின் பாடு எப்படி இருக்கும்?

ஒரு வருடம் உழைத்தும் கையில் காட்ட ஒன்றும் இல்லாமற் போகலாம். கூடப் படித்தவர்கள் சம்பளம் எடுப்பார்கள், கலியாணம் முடிப்பார்கள். ஊரார் கேட்பார்கள் என்ற வெட்கத்தில் பிள்ளை வீட்டுக்கு வருவதைக் குறைக்கும். மேற்பார்வையாளரைச் சந்திக்கவும் தயங்கும். இந்த ஒதுங்கல்தான் மிகப் பெரிய ஆபத்து.

படிக்கும் பிள்ளைகளுக்கு

1. தனியே இருக்க வேண்டாம். ஆய்வு செய்யும் மூன்று நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒரு முறையாவது கூடுங்கள். பாடம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதிய நான்கு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகங்கள் உண்டு. துணை தேடக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை.

2. மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யுமுன் அவருடைய பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். எத்தனை நாளில் வாசித்துத் திருப்பித் தருவார், எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு சந்திப்பின் பின்னரும் பேசி முடித்ததை எழுதி அவருக்கு அனுப்புங்கள். பின்னால் கருத்து வேறுபாடு வந்தால் அந்தக் கடிதம் உதவும்.

3. எல்லாவற்றையும் வாசித்து முடித்தபின் எழுதுவோம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது எழுதுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் முதலில் தமிழில் சிந்தித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பிரதிகளை மூன்று இடங்களில் வையுங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது கரையோர வீடுகளில் கடதாசி ஒன்றும் மிஞ்சவில்லை. இடம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணினியில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என இருக்கட்டும். பழைய தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடுவோருக்கு, 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் இலவசமாகத் திறந்திருக்கின்றது.

5. பணவழியை முதலிலேயே பாருங்கள். தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்வு உதவிகள், 1959 இல் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பியுங்கள். முதல் முறை கிடைக்காவிட்டால் மறுமுறையும் விண்ணப்பியுங்கள்.

வீட்டாருக்கு

“எப்ப முடியும்?” என்று கேட்பதை விட்டு, “இந்தக் கிழமை என்ன செய்தாய் மகள்?” என்று கேளுங்கள். முதற் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கு உண்டு. நீங்கள் படிக்காதவர்களாக இருந்தாலும் கேளுங்கள். ஆய்வை உம்மாவுக்கோ அப்பாவுக்கோ விளங்கும்படி சொல்லிப் பார்க்கும் பிள்ளைக்கே அது முதலில் தெளிவாகும்.

மகள் படிக்கிறாள் என்றால் சமையலும் பிள்ளை பார்ப்பதும் அவள் தலையில் மட்டும் விழ வேண்டாம். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் யாரும் கூப்பிடாத நேரமாக ஒதுக்கிக் கொடுங்கள். வெட்டுக் காலத்தில் வயலுக்கு ஆள் வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கேற்பப் பிள்ளை வேலையை ஒழுங்குசெய்யும்.

இந்தப் படிப்புக்காகக் காணியை ஈடு வைக்க வேண்டாம். புலமைப்பரிசிலோ வேலையோ இல்லாமல் கடனில் தொடங்கும் ஆய்வு நடுவழியில் நிற்கும். விரிவுரையாளர்கள் கற்கை விடுமுறையில் செல்லும்போது, திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுதுவார்கள். அதற்கு உறவினர் பிணை நிற்க நேரலாம். தொகை எவ்வளவு, பிள்ளை திரும்பாவிட்டால் யார் கட்டுவது என்பதை வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பம் இடுங்கள்.

பிள்ளை உறங்காமல், உண்ணாமல், பேசாமல் இருந்தால் “படிப்புக் கூடிப்போச்சு” என்று விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நிறுத்துவதே நல்லது என்ற முடிவுக்குப் பிள்ளை வந்தால் அதை அவமானமாக்க வேண்டாம். முதுதத்துவமாணியோடு நிறுத்தியவரும் கற்றவரே. பெற்ற அறிவு எங்கும் போய்விடாது.

1990 இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு முகாமாக இருந்தது. பாயும் பானையும் தூக்கிக்கொண்டு அந்த வாசலால் நுழைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே வாசலால் புத்தகத்தோடு நுழையலாம். அவர்களுக்கு எமது காசை விடவும் அதிகம் தேவைப்படுவது எமது பொறுமை. உங்கள் கிராமத்தில் யாராவது ஆய்வு செய்துகொண்டிருந்தால் அடுத்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அவரை அழையுங்கள். என்ன ஆராய்கிறார் என்று அரை மணித்தியாலம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வயதில் இளைய பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.